சாக்குத் துணியா உடுத்தினார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இடைக்கால ஐரோப்பாவின் உடைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். இருபத்தைந்து வருடமாக இயற்கைச் சாயம் போடுகிறவன் நான். துணியைப் பற்றி எங்கே எழுதியிருந்தாலும் கண் அங்கே போய்விடும். அரசர்களின் பட்டும் சரிகையும் கட்டுரையில் நன்றாகவே வந்திருக்கின்றன. ஆனால் ஏழைகளெல்லாம் சாயமில்லாத பழுப்புச் சாக்கைச் சுற்றிக்கொண்டு திரிந்தார்கள், வேறு எதையும் உடுத்தச் சட்டம் விடவில்லை என்று இரண்டே வரியில் உழவரையும் இடையரையும் முடித்துவிட்டது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

கட்டுரை ஆதாரமாகக் காட்டுவது, இங்கிலாந்தில் மூன்றாம் எட்வர்ட் காலத்தில் 1363இல் வந்த சட்டத்தை. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏர் ஓட்டுகிறவர்கள், ஆடு மாடு மேய்க்கிறவர்கள், 40 ஷில்லிங் பெறுமான பொருள்கூட இல்லாதவர்கள் 12 பென்ஸ் விலையுள்ள முரட்டுக் கம்பளிதான் போட வேண்டும், இடுப்பில் லினன் கச்சைதான் கட்ட வேண்டும் என்கிறது. கைவினைஞரின் மனைவி பட்டு முக்காடு போடக்கூடாது. ரோமம் வைத்துத் தைப்பதானால் ஆட்டுக்குட்டி, முயல், பூனை, நரி, இவ்வளவுதான். நிலத்திலிருந்து வருடத்துக்கு 100 பவுண்டு வருகிற கனவான் போடுவதை ஒரு வணிகர் போட வேண்டுமானால், அவரிடம் 500 பவுண்டுக்குச் சரக்கும் சொத்தும் இருக்க வேண்டும். வேலைக்காரர்களுக்கு இறைச்சியோ மீனோ நாளைக்கு ஒரு வேளைதான் என்று சாப்பாட்டிலும் கை வைத்திருக்கிறார்கள்.

சரி, இத்தனை கெடுபிடி எதற்கு? 1348, 49இல் கொள்ளைநோய் வந்து ஊர் ஊராக வாரிக்கொண்டு போனது. வயலில் இறங்க ஆளில்லை. மிஞ்சியவர்கள் கூடுதல் கூலி கேட்டார்கள். 1351இல் கூலிக்குச் சட்டம் போட்டு அமுக்கிப் பார்த்தும் அது அடங்கவில்லை. கையில் நாலு காசு புரண்டதும் நல்ல துணி எடுத்தார்கள். தச்சன் மனைவி யாருமே பட்டு முக்காடு போடாமல் இருந்திருந்தால், அதைத் தடுக்கப் பாராளுமன்றம் கூடியிருக்குமா? கீழே இருந்தவர்கள் நன்றாக உடுத்தினார்கள் என்பதற்கே இந்தச் சட்டம் சாட்சி. அதுவும் ஒன்றரை வருடம்கூட நிற்கவில்லை. 1365இல் கூடிய அடுத்த பாராளுமன்றத்திலேயே ரத்தாகிவிட்டது. கட்டுரையில் இது ஏன் விடுபட்டது என்று தெரியவில்லை. நூறு வருடம் கழித்து, 1463இல், பிரபுக்களுக்குக் கீழே உள்ளவர்களின் செருப்பு மூக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் நீளக்கூடாது என்று மறுபடியும் சட்டம் போட வேண்டியிருந்தது.

நிறத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிவப்புக்கு நம் மஞ்சிட்டியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வேர், நீலத்துக்கு வோட் செடியின் இலை. இரண்டும் அவர்கள் மண்ணிலேயே விளைந்தன. வோட் இலையில் இருப்பதும் நம் அவுரி தருகிற அதே நீலம்தான். தொட்டியிலிருந்து துணியைத் தூக்கும்போது மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் ஓரத்திலிருந்து நீலம் ஏறும். கையில் பிடித்திருக்கும்போதே மாறிவிடும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் நான் வேலையை நிறுத்திவிட்டு அதைப் பார்ப்பேன். ஒரு முறை முக்கினால் வெளிர்நீலம். கருநீலத்துக்குத் திரும்பத் திரும்ப முக்க வேண்டும். காசு அந்த முக்குகளில்தான் இருந்தது. உழவனும் நீலம் உடுத்தினான், பிரபுவும் நீலம் உடுத்தினான். யாருடையது எது என்று தெருவில் நிற்கிறவனுக்குத் தெரியும். கருவாலி மரத்துப் பூச்சியிலிருந்து எடுத்த செஞ்சாயம்தான் ஏழைக்கு எட்டாத விலை.

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் 1343 வாக்கில் வேறொரு வழி பார்த்தார்கள். தடை செய்த உடையை ஏற்கெனவே வைத்திருக்கும் பெண்கள் அதைக் கொண்டுவந்து பதிவு செய்து, ஈய முத்திரை வாங்கிக்கொண்டால் போதும், உடுத்தலாம். துணியின் நிறம், அதில் போட்ட வேலைப்பாடு எல்லாவற்றையும் எழுத்தர்கள் ஒவ்வொன்றாக எழுதி வைத்தார்கள். தடுக்க நினைத்த உடைகள் இன்று நமக்குத் தெரிவது அந்த ஏட்டினால்தான்.

கட்டுரை அறவே தொடாத ஒன்று உண்டு. யூதர்களும் முஸ்லிம்களும் உடையிலேயே வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்று 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம், அதாவது கத்தோலிக்கத் திருச்சபை கூட்டிய பெரிய சபை, விதித்தது. இங்கிலாந்தில் 1275 சட்டப்படி, ஏழு வயது தாண்டிய ஒவ்வொரு யூதரும் ஆறு அங்குல நீளம், மூன்று அங்குல அகலத்தில் மஞ்சள் கம்பளித் துண்டை மேலுடையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏழு வயதுப் பிள்ளையின் நெஞ்சில் ஆறு அங்குலம் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று அளந்து பார்த்தேன். 1290இல் அவர்களை நாட்டைவிட்டே துரத்தினார்கள்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரப்போவதாகப் போட்டிருக்கிறீர்கள். அதில் இந்த மஞ்சள் துண்டுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
ஈரோடு.