எடைக்கல்லில் ஊற்றிய ஈயம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கிறித்தவ இலக்கியத்தில் பாவமும் மீட்பும் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை படித்தபோது பாதிக்கு மேல் சரி என்றே பட்டது. மீதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

கிறித்தவக் கதைகளில் எவ்வளவு பெரிய குற்றமும் ஒரு சொட்டுக் கண்ணீரில் கழுவப்பட்டுவிடுகிறது, சனிக்கிழமை குருவிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தவன் ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மை (நற்கருணை) வாங்கிவிட்டுத் திங்கட்கிழமை பழைய வேலைக்கே திரும்புகிறான் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். நான் பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போகிறவள். அவர் சொல்வதை நானும் பார்த்திருக்கிறேன். சாட்சி சொல்லும் கூட்டங்களில் ஒருவர் எழுந்து, "குடித்தேன், மனைவியை அடித்தேன், ஆண்டவர் என்னைத் தொட்டார்" என்று உருகிப் பேசுவார். கூட்டம் அல்லேலூயா சொல்லும். என் கண் பெண்கள் பக்கத்தில் அந்த மனைவியைத் தேடும். அவளிடம் அவர் என்ன பேசினார், அடகு வைத்த அவள் தாலிக்கொடியை மீட்டுக் கொடுத்தாரா என்பதெல்லாம் சாட்சியில் வருவதேயில்லை. வட்டிக்கு விட்டுப் பல குடும்பங்களை ஊரைவிட்டே கிளப்பியவர் வாங்கிக் கொடுத்த மின்விசிறியின் கீழே உட்கார்ந்து நானும் பூசை கண்டிருக்கிறேன்.

இதெல்லாம் விசுவாசத்தைப் பாதி வழியில் நிறுத்திக்கொள்வதால் வருவது. மீதி வழி எப்படி இருக்கும் என்பதைப் புத்தகங்களில் படிப்பதற்கு முன்பே நான் வீட்டில் பார்த்துவிட்டேன்.

என் அப்பா புளி வியாபாரி. மாசி, பங்குனியில் அஞ்செட்டிப் பக்கத்து மலை ஊர்களுக்குப் போய் வாங்கிவந்து கிருஷ்ணகிரியில் விற்பார். எங்கள் பக்கம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமும் புளிக்காலமும் சேர்ந்தேதான் வரும். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று நெற்றியில் பூசிய சாம்பல் அழிவதற்குள் அப்பா தராசைத் தூக்கிவிடுவார். அந்தக் காலத்து இரும்பு எடைக்கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் ஈயம் ஊற்றி முத்திரை குத்தியிருப்பார்கள். அந்தக் குழியை இன்னும் ஆழமாகக் குடைந்து ஈயத்தை நிரப்பினால் கல்லின் எடை கூடும், வெளியே பார்த்தால் தெரியாது. அப்பாவின் பத்து கிலோ கல்லில் முன்னூறு கிராம் கூடுதல். நூறு கிலோ புளி வாங்கினால் மூன்று கிலோ காசில்லாமல் வந்துவிடும். மலையிலிருந்து கூடையில் சுமந்து வந்த பெண்களிடமிருந்து எடுத்தது அது. பகலெல்லாம் உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுத்தவர்கள் அவர்கள்.

அப்பா இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது 1984 தவக்காலம் என்று நினைவு. எனக்கு ஒன்பது வயது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் வெளியே சொல்லமாட்டார். ஆகவே அன்று அங்கே நடந்ததெல்லாம் அப்பாவே எங்களிடம் சொன்னதுதான். வழக்கம்போல நாலு செபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார் என்று நினைத்துப் போயிருக்கிறார். சாமியாரோ, "அந்தக் கல் இப்போ எங்கே இருக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

"கடையிலே இருக்கு, சாமி."

"யார் யார்கிட்ட எவ்வளவு எடுத்தேன்னு கணக்கு இருக்கா?"

"சிட்டை இருக்கு."

"அப்போ திருப்பிக் கொடுக்க வழியும் இருக்கு."

இது அந்தச் சாமியாராகக் கண்டுபிடித்த கடுமை இல்லை. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காதவரை அந்தப் பாவம் மன்னிக்கப்படுவதில்லை என்று புனித அகுஸ்தீனார் 1,600 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். பதினாறு வயதில் கூட்டாளிகளோடு பக்கத்துத் தோட்டத்துப் பேரிக்காயைத் திருடிப் பன்றிகளுக்குப் போட்டதை நாற்பது வயதுக்கு மேலும் மறக்காமல் எழுதிவைத்தவர் அவர். மாந்தோப்புகள் நிறைந்த எங்கள் ஊரில் ஞானோபதேச வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இதைத்தான் சொல்கிறது: குருவின் மன்னிப்பு பாவத்தைப் போக்கும், பாவத்தால் விளைந்த கேட்டை நாம்தான் சரிசெய்ய வேண்டும், திருடியதைத் திருப்பித் தர வேண்டும், கெடுத்த பெயரைச் சீர்செய்ய வேண்டும். கட்டுரையாளர் இந்தப் பக்கத்தை எட்டிப் பார்க்காமல் விட்டதுதான் எனக்கு வருத்தம்.

அப்பா அந்த ஆண்டு சனிக்கிழமைகளில் மலை ஏறினார். பெண்பிள்ளை கூட இருந்தால் பேச்சு தடிக்காது என்று அம்மா என்னையும் அனுப்பினாள். பஸ்ஸை விட்டு இறங்கி நெடுந்தூரம் நடக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அப்பா சிட்டையைப் பிரித்துப் பெயரைச் சொல்லி, "உங்க புளியிலே இவ்வளவு குறைச்சு எடை போட்டுட்டேன், இந்தாங்க" என்று காசை நீட்டுவார். சிலர் சிரித்தார்கள். சிலர் இதில் ஏதோ சூது இருக்கிறது என்று வாங்க மறுத்தார்கள். ஒருவர் அப்பாவின் சட்டையைப் பிடித்துவிட்டு, என்னைப் பார்த்ததும் விட்டார். ஒரு வீட்டில் களி கிண்டிப் போட்டு அனுப்பினார்கள்.

ஓர் ஆயா மட்டும் காசை வாங்கி இரண்டு முறை எண்ணினாள். எண்ணிவிட்டு, "போன வருசம் மழை இல்லே. ராகிக்குக் கடன் வாங்கினேன். இந்தக் காசு அன்னைக்குக் கையிலே இருந்திருந்தா அந்தக் கடன்காரன் வாசலுக்குப் போயிருக்க மாட்டேன்" என்றாள். அப்பா மன்னித்துவிடும்படி கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. காசை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் வாசலிலேயே நின்றோம். மன்னிப்பு கேட்பது நம் கையில் இருக்கிறது, கொடுப்பது அவர்கள் கையில் இருக்கிறது என்பது அன்று அந்த வாசலில்தான் எனக்குப் புரிந்தது. பேருந்தில் திரும்பும்போது அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த சனிக்கிழமையும் கிளம்பினார்.

திருப்பிக் கொடுத்து மீட்பை விலைக்கு வாங்கிவிடலாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விவிலியத்தில் லூக்கா 19-ஆம் அதிகாரத்தில் வரும் சக்கேயுவின் கதையில் வரிசையைக் கவனிக்க வேண்டும். ஊரே வெறுத்த வரிவசூல்காரன் அவன். குள்ளமானவன் என்பதால் இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறியிருக்கிறான். இயேசு முதலில், "இன்று உன் வீட்டில் தங்க வேண்டும்" என்கிறார். கணக்குக் கேட்கவில்லை, நிபந்தனை போடவில்லை. அதற்குப் பிறகுதான் சக்கேயு, பாதிச் சொத்தை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும் ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் சொல்கிறான். அன்பு முதலில் வீட்டுக்குள் வருகிறது. வந்த பிறகு வீட்டில் இருக்கும் அடுத்தவர் பொருள் உறுத்த ஆரம்பிக்கிறது.

நல்ல எழுத்தாளர்கள் இந்த வரிசையைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியன் சிறையில் அடைபட்ட அனுபவத்தோடு எழுதி 1678-இல் வெளிவந்த பயணக் கதையை எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்று 1894-இல் தமிழ்க் காவியமாக்கித் தந்தார். பனியனின் கதையில் சிலுவையடியில் சுமை கழன்று விழுவது தொடக்கத்துக்குக் கொஞ்ச தூரத்திலேயே. மலையும் பள்ளத்தாக்கும் மாயச் சந்தையும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலில் சோனியா, கொலை செய்த ரஸ்கோல்நிகவுக்கு, செத்த லாசரஸை இயேசு உயிர்ப்பித்த கதையை வாசித்துக் காட்டுகிறாள். வாசித்ததோடு விடாமல், நாற்சந்தியில் போய் மண்ணை முத்தமிட்டு, நான் கொலை செய்தேன் என்று எல்லாரும் கேட்கச் சொல் என்கிறாள். கடைசிப் பக்கத்திலும் அவனுடைய புது வாழ்வு சும்மா கிடைத்துவிடாது என்றே ஆசிரியர் முடிக்கிறார். இதையெல்லாம் படித்தவர்கள் எப்படிக் கண்ணீரோடு முடிகிற கதை என்று சொல்ல முடியும்?

கட்டுரையாளர் தன் வாதத்துக்குப் பெரிய சான்றாக எடுத்தது விக்தோர் ஹ்யூகோவின் நாவல். சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழுக்குக் கொண்டுவந்தது, 1950-இல் நாகையா நடித்துப் படமாகவும் வந்தது. ஆயர் தன் வெள்ளிப் பாத்திரங்களைத் திருடியவனைக் காட்டிக் கொடுக்காமல் மெழுகுவர்த்தித் தண்டுகளையும் சேர்த்துக் கொடுக்கும் காட்சியை எல்லாரும் சொல்வார்கள், கட்டுரையாளரும் சொன்னார். அதற்கு அடுத்து வருவதை அவர் சொல்லவில்லை. அந்த மன்னிப்பைப் பெற்றுக்கொண்டு போகிற வழியிலேயே ழான் வால்ழான் ஒரு சிறுவனின் நாற்பது சூ பிரெஞ்சு நாணயத்தைக் காலால் மிதித்து மறைத்துக்கொள்கிறான். பையன் அழுதுகொண்டே போன பிறகுதான் செய்தது உறைக்கிறது. பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டு வெட்டவெளியில் ஓடித் தேடுகிறான். பையன் கிடைக்கவில்லை. சிறையில் கழிந்த பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவன் முதல்முறையாக அழுவது அங்கேதான். பின்னாளில் நகரத்துக்கே தலைவனாகி மதிப்போடு வாழும்போதும், அந்தப் பையனின் ஊர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த சிறுவர்கள் யார் தெருவில் போனாலும் கூப்பிட்டுப் பெயர் கேட்டுக் காசு கொடுத்துக்கொண்டே இருக்கிறான்.

இந்த இடத்தை நான் கல்யாணத்துக்குப் பிறகுதான் படித்தேன். படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அப்பாவின் சிட்டையில் மூன்று பெயர்கள் அடிக்கப்படாமல் நின்றுபோயிருந்தன. மூன்று குடும்பமும் கட்டட வேலைக்கு பெங்களூர் போய்விட்டதாக ஊரில் சொன்னார்கள். அவர் விசாரிக்காத இடமில்லை. அதன் பிறகு கடையை மூடும்வரை, ஒவ்வொரு புளிக்காலத்திலும் கடைசி நாள், கடைக்கு வந்த பெண்களிடம் ஊரும் பெயரும் கேட்டுவிட்டு, எடைக்கு மேலே காசு சேர்த்துக் கொடுப்பார். ஏன் என்று கேட்டால் சொல்லமாட்டார். அவர் நாவல் எதுவும் படித்தவர் இல்லை.

கட்டுரையாளர் அந்த நாவலைப் பற்றி மறுபடி எழுதும்போது அந்தச் சிறுவனையும் சேர்த்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி,
கிருஷ்ணகிரி.