பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு வீல் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அலாய் வீல் தயாரிக்கிறவர்களுக்கும் அதை வாங்கி விற்கிறவர்களுக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேட்லாக்கில் படங்கள் பிரமாதம், அளவுகளைத்தான் காணோம். நாலு கோணத்தில் படம், கீழே விட்டம், அகலம், பிசிடி (போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), விலை. ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து அது காரோடு ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்ற அளவு) போட்டிருந்தால் வாங்குகிறவர் அதிர்ஷ்டசாலி. அப்புறம் 'நாலு போல்ட் உள்ள பெரும்பாலான கார்களுக்குப் பொருந்தும்' என்று பொத்தாம்பொதுவாக ஒரு வரி. புதிய கார் வைத்திருப்பவர் இதை வைத்துச் சமாளித்துக்கொள்வார், மாடல் பெயரைச் சொன்னாலே கடைக்காரர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துச் சரியானதை எடுத்துக் கொடுத்துவிடுவார். டாட்சன் 240இசட், எம்ஜிபி போன்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவருக்கு அந்த வசதி பெரும்பாலும் கிடையாது. அவரிடம் இருப்பது ஒரு ஸ்கேல், ஒரு ஜாக்கி, நீங்கள் தரும் எண்கள், அவ்வளவுதான். அந்த எண்களை முழுசாகக் கொடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

பிசிடி ஒன்றாக இருந்தால் போதும் என்ற நினைப்பு உங்களுக்கே இருக்கிறதோ என்று சந்தேகம். பிஎம்டபிள்யூ 2002-க்கு நாலு ஓட்டை, 100 மி.மீ. வட்டம். முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5-க்கும் அதே. (1989-ல் வந்த காரைப் பழைய கார் கணக்கில் எப்படிச் சேர்க்கலாம் என்று சண்டைக்கு வருகிறவர்கள் வரட்டும், நான் சேர்த்துவிட்டேன்.) ஆனால் நடு ஓட்டை பிஎம்டபிள்யூவில் 57.1 மி.மீ., மாஸ்டாவில் 54.1. மாஸ்டா வீல் பிஎம்டபிள்யூ ஹப்பில் (காரில் வீலை மாட்டும் நடுப்பாகம்) ஏறவே ஏறாது. பிஎம்டபிள்யூ வீல் மாஸ்டாவில் ஏறிவிடும், ஆனால் 3 மி.மீ. தொளதொளப்போடு. இடையில் சரியான வளையம் போட்டால்தான் கச்சிதமாக நடுவில் உட்காரும். இதைச் சொல்ல உங்களுக்கு ஒரே ஒரு எண் போதும், நடு ஓட்டையின் விட்டம். பல கேட்லாக்குகளில் அது இல்லை.

இன்னும் மோசமானது கிட்டத்தட்டப் பொருந்துகிற வீல்தான். ஃபியட் 124 ஸ்பைடருக்குப் பிசிடி 98 மி.மீ. அதில் 100 மி.மீ. வீலை வைத்தால் போல்ட் பிடித்துக்கொள்ளும், முறுக்கினால் இறுகவும் செய்யும், வீலும் நிற்கும். ஒவ்வொரு ஓட்டையும் 1 மி.மீ. தள்ளி இருப்பதால் போல்ட்டின் கூம்பு ஒரு பக்கமாக மட்டும் அழுத்திக்கொண்டிருக்கும், ஓட ஓடத் தளரும். பழைய கார்வெட்டின் 120.65 மி.மீ. வட்டத்தில் பிஎம்டபிள்யூவின் 120 மி.மீ. வீலை மாட்டுகிறவர்களும் இதே ரகம். வித்தியாசம் சின்னதாக இருப்பதால்தான் ஆபத்து, பெரிதாக இருந்தால் மாட்டவே முடியாதே. அந்த வீலை 'அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்' என்று விற்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள்.

அடுத்தது ஆஃப்செட். இதை நீங்கள் எழுதினாலும் பழைய வீலோடு ஒப்பிட்டுக் காட்டுவதில்லை. எம்எக்ஸ்-5-ஐயே எடுத்துக்கொள்கிறேன். கம்பெனி வீல் 5.5 அங்குல அகலம், ஆஃப்செட் +45. நீங்கள் விற்பது 7 அங்குலம், +35 (எண் குறையக் குறைய வீல் வெளியே வரும்). வாங்குகிறவர் '10 மி.மீ.தானே வெளியே வரும்' என்று நினைத்துக்கொள்வார். கணக்குப் போட்டால் வெளி விளிம்பு 29 மி.மீ. வெளியே வருகிறது, உள் விளிம்பு 9 மி.மீ. உள்ளே போகிறது, ஏனென்றால் அகலம் கூடியதும் ஆஃப்செட் குறைந்ததும் சேர்ந்து வேலை செய்கின்றன. மட்கார்டு விளிம்பில் 29 மி.மீ. என்பது உரசுவதற்கும் உரசாமல் இருப்பதற்கும் இடையே உள்ள மொத்தத் தூரமாகவே இருக்கலாம். அதற்குப் பிறகு விளிம்பைத் தட்டி மடக்கு, பெயின்ட் வெடிக்கும், வெடித்த இடத்தில் துருப் பிடிக்கும்.

உரசல் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. வீலின் நடுக்கோடு 10 மி.மீ. வெளியே போனால் ஸ்டீயரிங் திரும்புகிற அச்சுக்கும் டயர் தரையைத் தொடுகிற இடத்துக்கும் உள்ள தூரம் மாறிவிடுகிறது. பவர் ஸ்டீயரிங் இல்லாத காரில் அது உடனே கைக்குத் தெரியும். பார்க்கிங்கில் கை வலிக்கும், பள்ளத்தில் விழுந்தால் ஸ்டீயரிங் கையை உதறும், சாலையில் டயர் பதிந்த தடம் இருந்தால் கார் அதன் பின்னாலேயே ஓடப் பார்க்கும். பேரிங்குக்கும் கூடுதல் பாரம். எழுபதுகளின் இன்ஜினியர் அந்த வீலை அந்த இடத்தில் வைத்ததற்குக் காரணம் இருந்தது.

உள்பக்கம் இன்னொரு கதை. 240இசட்டில் முன்னும் பின்னும் ஸ்ட்ரட் சஸ்பென்ஷன் (ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு), டயருக்கு உள்பக்கம் ஸ்ப்ரிங் உட்காரும் கிண்ணம் இருக்கிறது. அகலத்தை உள்ளே கூட்டினால் டயர் அதைத் தொடும், வெளியே கூட்டினால் மட்கார்டைத் தொடும். பெரிய காலிப்பர் (பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) போட்ட காராக இருந்தால் ஸ்போக்கின் பின்பக்கம் எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதும் தெரிய வேண்டும், அதை ஆஃப்செட்டை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது. ஒரே அகலம், ஒரே ஆஃப்செட் உள்ள இரண்டு வீல்களில் ஒன்று காலிப்பரைத் தாண்டும், இன்னொன்று இடிக்கும். வீலைக் குறுக்கே வெட்டினால் எப்படி இருக்கும் என்று ஒரு கோட்டுப் படம் போடுங்கள். அதை வாங்குகிறவர் அட்டையில் வெட்டி ஹப்பில் வைத்துப் பார்த்துவிடுவார். அந்த வரைபடம் இல்லாமல் நீங்கள் அச்சே வார்த்திருக்க முடியாது, ஆகவே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இப்போது நட்டுக்கு வருகிறேன், எனக்கு அதிகக் கோபம் இங்கேதான். பழைய ஸ்டீல் வீலில் ஸ்டட் (ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும், நட் ஏறும் மரைக் கம்பி) ஊடுருவும் இடத்தில் தகடு மெல்லியது. அலாய் வீலில் அதே இடம் அதைவிடப் பல மடங்கு தடிமன். கம்பெனி ஸ்டட் அந்த மெல்லிய தகட்டுக்கு ஏற்ற நீளம்தான். ஆக, அலாய் வீலை மாட்டியதும் ஸ்டட்டின் பெரும்பகுதி வீலுக்குள்ளேயே மறைந்துபோய், நட் பிடிக்க நாலைந்து சுற்று மரைதான் மிஞ்சும். பொதுவாகச் சொல்லப்படும் விதி, ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளமாவது மரை பிடித்திருக்க வேண்டும். 12 மி.மீ. ஸ்டட், மரை இடைவெளி 1.5 மி.மீ. என்றால் 8 சுற்று. 240இசட் போல 1.25 மி.மீ. மரை என்றால் கிட்டத்தட்ட 10 சுற்று. எம்ஜிபியின் அரை அங்குல ஸ்டட்டுக்கும் 10 சுற்றுதான், அங்குலத்துக்கு 20 மரை. ஸ்பேனரைத் தொடாமல், கையால் நட்டைத் திருகி, அது உட்காரும் வரை எத்தனை சுற்று என்று எண்ணினால் போதும், யாராலும் முடியும். ஆனால் பார்சல் பிரித்த பிறகுதானே எண்ண முடியும்? வாங்கும் முன்பே தெரிய வேண்டுமானால் அந்த இடத்தின் தடிமனை நீங்கள் எழுத வேண்டும். எழுதினால், நீள ஸ்டட்டும் சேர்த்தே வாங்கிவிடுவோம், உங்களுக்கும் வியாபாரம். நடுவில் ஸ்பேசர் (வீலை வெளியே தள்ள வைக்கும் தட்டு) வேறு சொருகுகிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

நட் உட்காரும் குழியின் வடிவம் அடுத்தது. பெரும்பாலானவை 60 டிகிரிக் கூம்பு. போர்ஷே 911-இல் உருண்டை. சில பழைய வகை அலாய்களில் நேர்க் கழுத்து நட், அடியில் தட்டை வாஷர். உருண்டை நட்டைக் கூம்புக் குழியில் போட்டு முறுக்கினால் இரண்டும் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும்தான் தொடும். டார்க் ரெஞ்ச் (குறித்த இறுக்கம் வந்ததும் சொல்லும் ஸ்பேனர்) 'டக்' என்று சரியாகவே சொல்லும், ஆனால் பிடிப்பு இருக்காது. வீலோடு நட் சேர்த்துக் கொடுக்கவில்லை என்றால் எந்த வடிவக் குழி என்பதையாவது எழுதுங்கள். அந்தக் குழிக்குள் பெயின்ட் அடித்து அனுப்பாதீர்கள், பெயின்ட் நசுங்கினால் இறுக்கம் போய்விடும்.

எடை, ஒரு வீல் தாங்கும் பாரம், எப்படிச் செய்தது, இந்த மூன்றையும் ஒரே வரியில் முடித்துவிடலாம். வார்த்ததா, ஃபோர்ஜ் செய்ததா (உலோகத்தை அழுத்தி உருவாக்கியதா) என்று சொல்லுங்கள். ஜப்பானின் ஜேடபிள்யூஎல், விஐஏ பாதுகாப்பு முத்திரையோ ஜெர்மனியின் கேபிஏ அனுமதி எண்ணோ இருந்தால் படத்தில் அந்த இடத்தையும் காட்டுங்கள், அதைப் பார்த்துத்தான் பலர் முடிவெடுக்கிறார்கள்.

இனி என் பெரிய வேண்டுகோள். குறுகிய வீல் செய்யுங்கள். 7, 8, 9 அங்குலம் என்று அகலத்தில் போட்டி போடுகிறீர்கள், 5.5-க்கும் 6-க்கும் ஆளில்லை. 1967 மாடல் 911 எஸ்-இல் வந்த ஃபூக்ஸ் வீல், இன்றும் ஆளாளுக்குக் காப்பி அடிக்கிற வீல், அகலம் 4.5 அங்குலம். 240இசட் பிறக்கும்போது 14 அங்குலத்தில் 4.5 அகலம், 175 டயர். அந்த சஸ்பென்ஷன் வளைவில் சாயும்போது டயரும் கூடச் சாயும். உயரமான பக்கச்சுவர் உள்ள டயர் அதை வளைந்து கொடுத்து ஏற்றுக்கொள்ளும். அகலமான, தாழ்ந்த டயர் ஓரத்தில் மட்டும் நின்றுவிடும், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அகலத்தில் பாதி காற்றில் இருக்கும்.

நல்ல டயர் இல்லையா என்றால், இருக்கிறது. பிரெல்லி சின்டுராட்டோ சிஎன்36, மிஷ்லின் எக்ஸ்டபிள்யூஎக்ஸ் போன்ற பழைய வடிவங்களை அந்தந்த நிறுவனங்களே பழைய கார்களுக்காகத் திரும்பச் செய்கின்றன. 185/70 ஆர்15 அளவில் (185 மி.மீ. அகலம், அதில் 70 சதவீதம் பக்கச்சுவர் உயரம், 15 அங்குல ரிம்) வாங்கலாம், ஆனால் 7 அங்குல ரிம் அதற்கு அனுமதித்த அகலத்தைத் தாண்டிவிடுகிறது. டயர் கிடைத்தும் அதற்கேற்ற புது வீல் கிடைக்காத விசித்திரம் இது.

பெரிய விட்டம் எல்லாமே கெட்டது என்று சொல்லவில்லை. எம்எக்ஸ்-5-இன் 185/60 ஆர்14 டயரின் விட்டம் 578 மி.மீ. சொச்சம், 195/50 ஆர்15 டயருக்கு 576. தாராளமாக மாற்றலாம், டயர் வகையும் கூடுதலாகக் கிடைக்கும். அதுவே 205/40 ஆர்17 என்றால் 596, ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது கார் 103-இல் போகும், பக்கச்சுவர் 111 மி.மீ.யிலிருந்து 82-க்கு இறங்கிவிடும். ஒவ்வொரு வீலுக்கும் பக்கத்தில் எந்த டயர் அளவுக்காக இதை வடிவமைத்தீர்கள் என்று எழுதினால் பாதிக் குழப்பம் தீரும்.

ஆசைக்காக அல்லாமல் வேறு வழியில்லாமல் வீல் மாற்றுகிறவர்களும் உண்டு என்பதை மறக்காதீர்கள். 1970-களில் மிஷ்லின் கொண்டுவந்த டிஆர்எக்ஸ் ரிம் மில்லிமீட்டர் அளவில் இருக்கும், 390 மி.மீ. என்பது போல. விளிம்பும் வேறு மாதிரி, சாதாரண டயர் அதில் ஏறாது. அதற்கென்று செய்கிற டயரின் விலையைப் பார்த்துவிட்டு, அதே முகத்தோடு 15, 16 அங்குலத்தில் ஒரு வீல் கிடைக்காதா என்று தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மாட்டிக் கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை, நீங்களும் விற்கிறீர்கள்தானே. பழைய கார் வீல்களில் பல நடு ஓட்டையால் மையப்படுகிறவை அல்ல, நட்டுகளால் மையப்படுகிறவை. அதைக் கூம்பு வைத்து நடு ஓட்டையில் பிடித்து பேலன்ஸ் செய்தால் மெஷின் பூஜ்யம் காட்டும், சாலையில் 90-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்கும். நட் ஓட்டைகளில் விரல் போலப் பிடிக்கிற தட்டை வைத்துச் செய்யுங்கள். கம்பி ஸ்போக் வீல் வந்தால் பெரும்பாலும் டியூப் வேண்டும், ஸ்போக் முனைகளை மூடும் ரப்பர் பட்டையும் வேண்டும். டயரின் உள்பக்கத்தில் வரி வரியாக மேடு இருந்தால் அது டியூபைத் தேய்த்தே ஓட்டையாக்கிவிடும், உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஹப் முகத்தில் இருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்துவிட்டு மாட்டுங்கள். ஏர் கன் வைத்து 'டர்ர்' என்று இறுக்காதீர்கள், ஐம்பது வயது ஸ்டட் அது. கடைசியாக, பக்கச்சுவரில் இருக்கும் தேதியை வாடிக்கையாளருக்குக் காட்டிவிட்டு டயரை ஏற்றுங்கள். நாலு இலக்கம், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். விற்காத அளவு என்று கிடங்கில் எட்டு வருடம் கிடந்த டயர் பழைய கார்க்காரர் தலையில்தான் வந்து விழுகிறது.

எழுதிக் கேட்டால் முழு வரைபடத்தை அன்றே அனுப்புகிற சின்னச் சின்னத் தயாரிப்பாளர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். விலை கூடத்தான், காத்திருக்கவும் வேண்டும். இருந்தாலும் எங்களில் நிறையப் பேர் இப்போது அவர்களிடம்தான் வாங்குகிறோம்.

இப்படிக்கு,
நட்டைக் கையால் திருகி எண்ணிப் பார்க்கும் ஒரு வாடிக்கையாளன்