மூட்டு அறுவைக்குப் பின் வலி மாத்திரை

ஆசிரியருக்கு வணக்கம்.

முழங்கால், இடுப்பு மூட்டு மாற்று அறுவை முடிந்ததும் மார்ஃபின், டிரமடால் போன்ற ஓபியாய்டு (அபினைப் போலச் செயல்பட்டு வலியை அடக்கும்) மருந்துகளையே முதன்மையாக நம்பும் வழக்கம் குறைய வேண்டும். குமட்டல், மலச்சிக்கல், தலைசுற்றல் எல்லாம் இவற்றோடு சேர்ந்தே வரும். தலை சுற்றுகிறவரை எப்படி எழுப்பி நடக்கவைப்பது? வயதானவர்களுக்கு மனக்குழப்பமும், அளவு கூடினால் மூச்சு மந்தமாவதும் உண்டு. நாள்பட எடுத்தால் பழக்கமாகிவிடும் ஆபத்து வேறு.

மாற்று வழி கையிலேயே இருக்கிறது. அறுவையின்போதே மூட்டைச் சுற்றி மரப்பு மருந்து செலுத்தலாம். முழங்காலுக்கு, தொடையின் உட்புறம் ஓடும் உணர்வு நரம்பை மட்டும் மரக்கச் செய்தால் தசை பலம் பெரிதும் குறையாது, அன்றே நடக்கலாம். அப்புறம் பாராசிட்டமாலை வலி ஏறும்வரை காத்திராமல் நேரப்படி கொடுப்பது, சிறுநீரகமும் வயிறும் இடம் கொடுத்தால் வீக்கம் குறைக்கும் மாத்திரை, ஐஸ் ஒத்தடம். ஒவ்வொன்றும் வலியை வெவ்வேறு இடத்தில் தடுப்பதால் ஓபியாய்டின் தேவை தானாகக் குறைகிறது.

அதற்காக, வலியில் துடிப்பவருக்கு ஓபியாய்டை மறுப்பது கொடுமை. வலி அடங்காவிட்டால் பயிற்சியும் நடக்காது, மூட்டு இறுகிப்போகும். தேவைப்பட்டால் குறைந்த அளவில், சில நாட்களுக்கு மட்டும் கொடுக்கட்டும்.

எப்போது நிறுத்துவது, மிஞ்சிய மாத்திரையை என்ன செய்வது என்பதை மருத்துவர்கள் அறுவைக்கு முன்பே நோயாளியிடம் பேசி, எழுதியும் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்