பொத்தானை மட்டும் காட்டிவிட்டுப் போகாதீர்கள்

இந்தியச் சிறுவணிகர்களுக்குப் பயிற்சி நடத்தும் அமைப்புகளுக்கும் வணிகச் சங்கங்களுக்கும்,

வணக்கம். நான் மலேசியாவில் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே தீபாவளிப் பலகாரம் செய்து விற்கிறேன். முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தபோது அவர் கையோடு எடுத்து வந்த மர முறுக்குக் குழலில்தான் இன்றும் மாவு பிழிகிறேன்.

2024-இல் ஒருநாள் பயிற்சிக்கு வந்தேன். வணிகப் பதிவு, கடன் விண்ணப்பம் பற்றியெல்லாம் தெளிவாகச் சொல்லித் தந்தார்கள். அதற்கு என்றும் நன்றி உண்டு. ஆனால் சமூக ஊடக விளம்பரத்துக்கு ஒதுக்கியது கடைசி முக்கால் மணி நேரம். “பதிவுக்குக் கீழே பொத்தான் இருக்கிறது, அழுத்திப் பணம் கட்டுங்கள், கூட்டம் வரும்” என்றார்கள். நம்பி அழுத்தினேன்.

ஒரு நாளைக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), பத்து நாள். 300 வெள்ளிக்கு 8 விழுக்காடு சேவை வரி 24 வெள்ளி என்பது அட்டையில் பணம் பிடித்த பிறகுதான் தெரிந்தது. விருப்பக்குறிகள் ஆயிரத்தைத் தாண்டின. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். விலை கேட்டவர்கள் 61 பேர். வாங்கியவர்கள் ஒன்பதே பேர், 18 போத்தல். ஒரு போத்தலுக்கு எனக்கு நிற்பது 7 வெள்ளி. 126 வெள்ளி சம்பாதிக்க 324 வெள்ளி கொடுத்திருக்கிறேன். விலை கேட்டவர்களில் பாதிப் பேர் தொலைவில், ஜொகூரிலும் சபாவிலும் இருந்தார்கள். ஜொகூருக்கு அனுப்பிய ஒரு பெட்டியைப் பிரித்துப் படம் எடுத்து அனுப்பினார் வாங்கியவர். அச்சு முறுக்கு ஒன்றுகூட முழுதாக இல்லை, இதழ் இதழாக உதிர்ந்து கிடந்தது. அந்த அம்மாவுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

எங்கே தவறினேன் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஓர் ஆண்டு ஆனது. அந்தப் பொத்தானை அப்படியே அழுத்தினால், பதிவைப் பார்த்து விருப்பக்குறி போடும் பழக்கமுள்ளவர்களைத்தான் அது தேடிப்போகிறது. வாங்குகிறவர்கள் வேறு கூட்டம். “செய்தி அனுப்ப வை” என்று குறிக்கோளை மாற்றும் இடம் அதே திரையில் இருந்தது, யாரும் காட்டவில்லை. விளம்பரம் எந்த ஊர்வரை போக வேண்டும் என்ற எல்லை ‘மலேசியா’ என்றே இருந்தது, அதை நான் தொடவில்லை. நாள்தோறும் மாலையில் படத்தை மாற்றினேன். அப்படி மாற்றினால், யாருக்குக் காட்டலாம் என்று விளம்பரம் அதுவரை கற்றதெல்லாம் வீணாகி மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்பதும் எனக்குத் தெரியாது.

இன்னொன்று, விளம்பர இடம் ஏலத்தில் போகிறது. கோயில் திருவிழாவில் அம்மன் சேலையை ஏலம் விடுவார்களே, அதேபோலத்தான். தீபாவளிக்கு முந்தைய வாரம் துணிக்கடை, நகைக்கடை எல்லாம் ஏலம் கேட்க வந்துவிடும். நான் போட்டதும் அந்த நேரத்தில்தான், என் 30 வெள்ளி எந்த மூலைக்கு? ஐந்து வாரம் முன்னதாகவே போட்டிருக்க வேண்டும்.

2025-இல் அப்படித்தான் செய்தேன். வீட்டைச் சுற்றி 40 கிலோமீட்டர், ஈப்போவும் கோலகங்சாரும் அதற்குள் அடங்கின. ஒரு நாளைக்கு 8 வெள்ளி, ஏழு நாள். வரியோடு 60 வெள்ளி 48 காசு. படம் போடவில்லை. குழலிலிருந்து மாவு சுற்றிச் சுற்றி எண்ணெயில் விழுவதையும், நுரை அடங்கி முறுக்கு சிவந்து மேலே வருவதையும் மகள் இருபது விநாடி எடுத்தாள். பேச்சில்லை, எண்ணெய் பொரியும் சத்தம் மட்டும். கீழே தமிழில் விலையும், எந்தக் கிழமை எங்கே வந்து வாங்கலாம் என்பதும் எழுதினோம். புலனத்தில் (வாட்ஸ்அப்) கேட்டவர்கள் 38 பேர். அவர்களில் 23 பேர் 40 போத்தல் வாங்கினார்கள். எனக்கு நின்றது 280 வெள்ளி.

என் பக்கத்து வீட்டு அக்கா கதைதான் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. ரவிக்கை தைப்பவர். விளம்பரம் போட்டுத் தருகிறேன் என்று வந்த ஒருவரிடம் 500 வெள்ளி கொடுத்தார். அவர் தன் சொந்தக் கணக்கிலேயே விளம்பரத்தை ஓட்டினார். சண்டை வந்தபோது யார் பார்த்தார்கள், யார் கேட்டார்கள் என்ற விவரம் எல்லாம் அவரோடு போய்விட்டது. ஆறு மாத உழைப்பு. விளம்பரக் கணக்கு உன் பெயரில் இருக்க வேண்டும், அடுத்தவருக்கு அனுமதி மட்டும் கொடு என்ற ஒரு வாக்கியத்தை யாராவது அவரிடம் சொல்லியிருக்கக் கூடாதா?

எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன், ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய் 10 வெள்ளி கேட்டார். கொடுத்த பணம் எங்கே போகிறது, எப்படித் திரும்பும் என்பது லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தவர்களுக்குப் புரிந்தது என்று தாத்தா சொல்வார். இன்று அதே ஊரில் நாங்கள் எங்கே போகிறது என்று தெரியாமலே பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இதுதான் பொறுக்கவில்லை.

அதனால் கேட்கிறேன். முக்கால் மணி நேரம் வேண்டாம், இரண்டு சனிக்கிழமை கொடுங்கள். தமிழில் நடத்துங்கள். விளம்பரத் திரையில் வரும் சொற்களுக்குப் பொருள் தெரியாமல்தான் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துகிறார்கள். திரையில் படம் காட்டுவதைவிட, அவரவர் கைப்பேசியிலேயே 10 வெள்ளிக்கு ஒரு விளம்பரம் போட வையுங்கள். ஒரு வாரம் கழித்து வந்து, ஒரு வாடிக்கையாளருக்கு எவ்வளவு செலவானது, போத்தலுக்கு எவ்வளவு நின்றது என்று ஒவ்வொருவரும் தாளில் எழுதிப் பார்க்கட்டும். நட்டம் என்று வந்தால் நிறுத்தவும் சொல்லிக் கொடுங்கள். இரவுச் சந்தையில் ஒரு மேசை போட்டாலே போதும் என்ற தொழில்களும் உண்டு. அவர்களிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

தீபாவளிக்கு மூன்று மாதம் முன்னதாக, மாவு அரைக்கும் வேலை தொடங்குவதற்குள் வைத்தால் எங்கள் ஊரிலிருந்து பத்துப் பெண்களாவது வருவார்கள். என் இரண்டு ஆண்டுக் கணக்குப் புத்தகத்தையும் கொண்டு வருகிறேன், நட்டம் எழுதிய பக்கங்களோடு.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பலகாரக்காரி