அரிவாளைப் பார்த்தும் நிதானம் இழக்காத அத்தனை பேருக்கும் நன்றி

மதுரை ஒத்தக்கடையில் நாங்கள் நடத்தும் ராத்திரி டிபன் கடை உங்களில் நிறையப் பேருக்குத் தெரியும். மேலூர் ரோட்டில் போகிற லாரிக்காரர்கள், ஐகோர்ட் கிளையில் வேலை முடிந்து லேட்டாகக் கிளம்புகிற வக்கீல்கள், மாட்டுத்தாவணிக்குப் பூ ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் என்று பல பேர் வந்து சாப்பிட்டுப் போகிற கடை. போன மாதம் அங்கே நடந்ததும் ஓரளவு எல்லோர் காதுக்கும் வந்திருக்கும். கடையை ஏறக்கட்டுகிற நேரத்தில் பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள், ஒருத்தன் வண்டியை ஆஃப் பண்ணாமலே நிற்க, இன்னொருத்தன் சட்டைக்குப் பின்னாலிருந்து அரிவாளை உருவிக்கொண்டு கல்லாப் பணத்தைக் கேட்டான். பணம் போனது, எங்கள் பரோட்டா மாஸ்டருக்கு முன்கையில் வெட்டு விழுந்தது, மாஸ்டர் இன்றைக்கு நல்லபடியாக இருக்கிறார். நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேரின் பெயரே எனக்குத் தெரியாது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. விசாரிக்க வந்த சொந்தக்காரர்களில் சிலர், "அத்தனை ஆம்பளைங்க உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்களாமே, ஒத்தப் பயலை அமுக்க முடியலையாக்கும்" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்ததோடு சரி, பதில் சொல்லவில்லை. பதில் இதுதான்: அன்றைக்கு யாரும் அமுக்கப் போகாததால்தான் எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

முதல் நன்றி கல்லாவுக்கு எதிர் மேஜையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவருக்கு. என் வீட்டுக்காரர் முன்கோபி, தோசைக்கரண்டியோடு அவனை நோக்கி ஓர் எட்டு வைத்துவிட்டார். அப்போது இந்த ஐயா உட்கார்ந்த இடத்திலிருந்து அசையாமல், இரண்டு கையையும் மேஜைமேல் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு, "தம்பி, கல்லாவைத் திறந்துவிட்டுட்டுத் தள்ளி வாப்பா, காசை நாளைக்குச் சம்பாரிச்சுக்கலாம்" என்றார். அப்புறம் அந்தப் பையனிடமும் அதே குரலில், "எடுத்துக்கய்யா, யாரும் உன் பக்கத்துல வரமாட்டாங்க" என்றார். அவன் கை நடுங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். எங்களைவிட அவன்தான் பயந்திருந்தான் என்று நினைக்கிறேன், பயந்தவன் கையில் இருக்கிற அரிவாள்தான் ரொம்ப ஆபத்து. பிறகு ஒருநாள் ஐயாவிடம் கேட்டபோது, "அரிவாள் எட்டுற தூரத்துல ஆள் நிக்கக் கூடாதும்மா, அவன் திரும்பிப் போற வழியை அடைக்கவும் கூடாது, அடைச்சா வெட்டிட்டுத்தான் போவான்" என்றார். அவர் சொன்னது மாஸ்டர் விஷயத்தில் அப்படியே நடந்தது. பரோட்டாக் கல் எந்தக் கடையிலும் வாசலில்தான் இருக்கும், மாஸ்டரும் அங்கேதான் நிற்க முடியும். பணத்தை அள்ளிக்கொண்டு ஓடியவனுக்கு மாஸ்டர் குறுக்கே நிற்கிற மாதிரி தெரிந்திருக்கிறது, ஓட்டத்திலேயே வீசிவிட்டான். மாஸ்டர் முகத்துக்குக் கையைக் குறுக்கே கொடுத்ததால் வெட்டு கையோடு நின்றது.

பாத்திரம் கழுவுகிற எங்கள் அக்காவை யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள். அரிவாள் வெளியே வந்த நிமிஷத்திலேயே பின்கதவைத் திறந்து, கடைசி மேஜையில் இருந்த குடும்பத்தைச் சைகை காட்டிக் கூப்பிட்டு, இரண்டு பிள்ளைகளையும் சந்து வழியாகப் பின்வீட்டுக்குள் கொண்டுபோய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். பிள்ளைகளின் அம்மாவும் "ஐயோ" என்று ஒரு சத்தம் போடவில்லை. தாயே, நீங்கள் எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை, மறுபடி இந்தப் பக்கம் வந்தால் கடைக்கு வாருங்கள். அந்த அக்காவுக்கு அதன்பிறகு பல ராத்திரி தூக்கமே வரவில்லை. பைக் சத்தம் கேட்டாலே உடம்பு தூக்கிப்போட்டது. அவர் மகள்தான் 14416-க்குப் போன் போட்டுக் கொடுத்தாள், மனநலத்துக்கான அரசாங்க இலவச எண் அது. பேசிய பிறகு கொஞ்சம் தேவலை என்கிறார். அந்தப் பெண்ணுக்கும் நன்றி.

அந்தச் சந்தில் நின்றபடியே 112-க்குப் பேசிய காலேஜ் தங்கச்சிக்கு என்ன சொல்வது. அழாமல், கத்தாமல், முதலில் இடத்தைச் சொன்னாள்: மதுரை மாவட்டம், ஒத்தக்கடை, மேலூர் ரோடு, பக்கத்தில் இன்ன பெட்ரோல் பங்க். அப்புறம்தான் என்ன நடக்கிறது, எத்தனை பேர், கையில் என்ன ஆயுதம் என்று சொன்னாள். லைனைக் கட் பண்ணவே இல்லை. வண்டி எந்தப் பக்கம் திரும்பியது, நம்பரில் பார்வைக்குக் கிடைத்த இரண்டு எழுத்து, ஹெல்மெட் நிறம் எல்லாம் ஓடிக்கொண்டிருந்த அந்த அழைப்பிலேயே போய்விட்டது. 100-க்குப் போட்டாலும் உதவி வரும்தான், ஆனால் போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு மூன்றுக்கும் 112 ஒன்றே போதும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்ட நர்சிங் மாணவிக்கு நாங்கள் குடும்பத்தோடு கடன்பட்டிருக்கிறோம். ரத்தம் கொட்டுகிறதைப் பார்த்து யாரோ காப்பித்தூள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார், இன்னொருத்தர் மஞ்சள்தூள். நல்ல மனசுதான், தப்புச் சொல்லவில்லை. அவள் இரண்டையும் தள்ளிவிட்டு, துவைத்த துண்டு ஒன்றை வாங்கி வெட்டின்மேல் வைத்து, உடம்பின் பாரம் முழுக்கக் கொடுத்து அழுத்தினாள், மாஸ்டரைப் படுக்க வைத்துக் கையை மட்டும் உயர்த்திப் பிடிக்கச் சொன்னாள். துண்டு நனைந்ததும் நான் அதை எடுக்கப் போனேன், "எடுக்காதீங்கக்கா, உறைஞ்ச ரத்தம் பிஞ்சுக்கிட்டு வந்துரும்" என்று அதன்மேலேயே இன்னொரு துண்டை வைத்து அழுத்தினாள். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அந்தக் கையை அவள் விடவில்லை.

108 வர நேரமாகலாம் என்று ஆட்டோ அண்ணன் தன் வண்டியில் ஏற்றிவிட்டார். வழியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நிறுத்தினால், வெட்டுக் கேஸ், முதலில் போலீஸ் வரட்டும் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். அங்கே நின்று சண்டை போட அண்ணனுக்கு வாய் இல்லாமல் இல்லை, நேரம்தான் இல்லை. மாட்டுத்தாவணி, கே.கே. நகர் வழியாக நேரே கோரிப்பாளையம், பெரியாஸ்பத்திரி என்று நாங்கள் சொல்கிற அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி. போலீஸ் சம்பிரதாயத்துக்காகக் காத்திருக்காமல் அவசர சிகிச்சை கொடுத்தே ஆக வேண்டும், அது எல்லா டாக்டருக்கும் கடமை என்று சுப்ரீம் கோர்ட் 1989-லேயே சொல்லியிருக்கிறது. பின்னால் வக்கீல் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. அண்ணே, ஆட்டோ சீட் முழுக்க ரத்தம், அதைக் கழுவின கூலிகூட நீங்கள் வாங்க மறுத்துவிட்டீர்கள், உங்களுக்கு இனி எங்கள் கடையில் பில் கிடையாது.

ராஜாஜி ஆஸ்பத்திரியைப் பற்றி ஊரில் ஆயிரம் சொல்வார்கள், கூட்டம், வரிசை, எல்லாம் உண்மைதான். ஆனால் அன்றைக்கு ராத்திரி உள்ளே போன உடனே ஆளை எடுத்துக்கொண்டார்கள். சீட்டு எங்கே, கூட யார் என்பதெல்லாம் அப்புறம்தான் கேட்டார்கள். டிடி ஊசி போட்டு, விரலை மடக்கிப் பார்க்கச் சொல்லி, மடங்கவில்லை என்றதும் தசைநார் அறுந்திருக்கிறது என்று ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர்கள், நர்ஸ் அக்காமார்கள், ஸ்ட்ரெச்சர் தள்ளிய அண்ணன், ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் எழுதியவர் எல்லோருக்கும் கும்பிடு. அங்கேயே இருக்கிற புறக்காவல் நிலைய ஏட்டய்யா மாஸ்டருக்கு மயக்கம் தெளியும்வரை பொறுத்திருந்துதான் வாக்குமூலம் வாங்கினார்.

பக்கத்துச் செல்போன் கடைத் தம்பிக்குத் தனியாக ஒரு நன்றி. அவன் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. அதை ஒரு குரூப்பிலும் போடவில்லை, எத்தனையோ பேர் கேட்டும் கொடுக்கவில்லை. மாஸ்டருக்கு உசிலம்பட்டியில் வயசான அம்மா இருக்கிறார், மகன் வெட்டுப்படுகிறதை அவர் யாரோ ஒருத்தர் போனில் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும். தம்பி பதிவை நேராகப் போலீசிடம் ஒப்படைத்து, கோர்ட்டில் செல்லுபடியாவதற்கான சான்றிதழிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறான். ரத்தம் கிடந்த இடத்தை யாரும் மிதிக்காதபடி ஸ்டூல்களைச் சுற்றி வைத்ததும் அவன்தான். நான் தண்ணீர் விட்டுக் கழுவக் குடத்தோடு நின்றேன், தடயம் எடுக்க வருவார்கள் என்று தடுத்துவிட்டான்.

நம்ம கடைக்குத் தினமும் வருகிற வக்கீல் சார் ஒரு பைசா வாங்காமல் ஸ்டேஷனுக்கு வந்தார். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகக் கேட்டு வாங்க நமக்கு உரிமை உண்டு என்று சொல்லிக் கையோடு வாங்கியும் கொடுத்தார். கொள்ளையில் கொலை ஆயுதத்தைப் பயன்படுத்தினால் 7 வருஷத்துக்குக் குறையாத ஜெயில், புதுச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 311-ஆம் பிரிவு என்றார். அப்படியே என் வீட்டுக்காரருக்கும் ஒரு வகுப்பு எடுத்தார்: தற்காப்பு உரிமை நமக்கு உண்டு, அதே சட்டத்தில் 34-லிருந்து 44 வரைக்கும் பிரிவுகள் இருக்கின்றன, உயிருக்கு ஆபத்து என்றால் திருப்பி அடிக்கலாம், ஆனால் தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது, ஆபத்து விலகிய பிறகு பழிக்கு அடித்தால் அது தற்காப்பில் சேராது. வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். தோசைக்கரண்டி விஷயம் சாருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டு பேரையும் பிடித்துவிட்டார்கள். ராத்திரி பகல் பார்க்காமல் அலைந்த ஸ்டேஷன்காரர்களுக்கு நன்றி. அடுத்து ஜெயிலில் மாஜிஸ்ட்ரேட் முன்னால், பார்த்தவர்கள் ஆளை அடையாளம் காட்டுகிற அணிவகுப்பு நடக்குமாம். பார்த்தவர்களில் அந்தப் பெரியவரும் பூ வண்டி ஓட்டுகிற ஒரு தம்பியும் மட்டும், கேட்டவுடனே வருகிறேன் என்றார்கள். மற்றவர்களுக்குப் பயம் இருக்கும், அதை நான் குறை சொல்ல மாட்டேன், எனக்கே இருக்கிறது. வர மனசு இருக்கிறவர்கள் கடையில் வந்து சொல்லுங்கள், புது ஜெயில் ரோட்டுக்குப் போய்வர வண்டி ஏற்பாடு எங்களுடையது. இட்லி, தோசை வழக்கம்போல உண்டு. பரோட்டாவுக்கு மட்டும் மாஸ்டர் கை தேறும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள், வேறு ஆளைப் போட அவர் ஒத்துக்கொள்ளவில்லை.