கோபுரம் இருக்கு, ஏறத்தான் இடமில்லை: ஹூஸ்டன் மாநகர மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்கள் 16 பேருக்கும்,

வணக்கம். செவ்வாய்க்கிழமை பிற்பகல் பொது அமர்வுக்கு வந்து யாரும் பேசலாம் என்று தெரியும். ஆனால் அது எனக்கு வேலை நேரம். தவிரவும், நீங்கள் கொடுக்கும் ஓரிரு நிமிடத்தில் நான் சொல்ல வந்ததில் பாதிகூட முடியாது. அதனால் எழுதுகிறேன். முதலில் தமிழில். ஊரில் இருக்கும் நம் ஆட்கள் படித்துவிட்டுத் திட்டுவதைத் திட்டட்டும். அப்புறம் ஆங்கிலத்தில் உங்களுக்கு அனுப்புகிறேன்.

போன கோடையில் திருச்சியிலிருந்து அப்பா வந்திருந்தார். வயது 74. பியர்லாண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போய்விட்டு 288 நெடுஞ்சாலையில் வடக்கே திரும்பி வந்துகொண்டிருந்தோம். இடப்பக்கம் மெடிக்கல் சென்டர் கட்டடங்கள் தெரிந்ததும், "இதுதான் டவுன்டவுனா?" என்றார். "இல்லப்பா, இது ஆஸ்பத்திரிங்க." ஆஸ்பத்திரிக்கே இவ்வளவு உயரமா என்று அவர் ஆச்சரியப்பட்டு முடிப்பதற்குள், நேர் எதிரே நிஜ டவுன்டவுன் எழுந்து நின்றது. அப்பா சீட் பெல்ட்டோடு முன்னால் குனிந்தார். "ஓரமா நிறுத்தேன், பாக்கலாம்."

ஃப்ரீவேயில் எங்கே நிறுத்துவது? "சரி, அதுல ஏதாவது ஒண்ணுல ஏறிப் பாக்கலாமா?" என்றார். மலைக்கோட்டைக்காரர் அல்லவா, உயரமாக எதைக் கண்டாலும் முதலில் படியைத் தேடுவார். நானூறு சொச்சம் படி ஏறி உச்சிப்பிள்ளையாரைக் கும்பிட்டுத் திரும்பினால் காவிரி, ஸ்ரீரங்கம் கோபுரம், தன் வீட்டு மொட்டை மாடி என்று எல்லாவற்றையும் விரலை நீட்டிக் காட்டலாம். உயரம் என்றால் அவருக்கு அதுதான். என்னிடம் பதில் இல்லை.

அடுத்த இரண்டு வாரம் டாலஸ் பக்கத்துப் பிளேனோவில் தம்பி வீடு. அவன் முதல் சனிக்கிழமையே டாலஸ் ரீயூனியன் டவருக்குக் கூட்டிப்போய்விட்டான். 1978-இல் கட்டிய 561 அடிக் கோபுரம், தலையில் விளக்குப் பந்து. மேலே நின்று நாலு பக்கமும் சுற்றிப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்ததிலிருந்து, "சின்னவன் மேல கூட்டிட்டுப் போனான்" என்று ஒரே பாட்டு. நம் ஊரின் மிக உயரமான கட்டடம் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று சொல்லிப் பார்த்தேன். "இருந்து?" என்றார்.

அந்த "இருந்து?" தான் இந்த மடல்.

ஒப்பிட்டால் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. டாலஸில் உயரமானது 72 மாடி பேங்க் ஆஃப் அமெரிக்கா பிளாசா. அட்லாண்டாவில் உயரமானது, 1,023 அடி, பெயர் மறுபடியும் பேங்க் ஆஃப் அமெரிக்கா பிளாசா. ஷார்லட்டில் உயரமானது பேங்க் ஆஃப் அமெரிக்கா கார்ப்பரேட் சென்டர். மூன்று ஊருக்கும் ஒரே நெற்றிப்பட்டம். ஷார்லட்டின் என்சிஎன்பி வங்கி 1988-இல் டெக்சஸில் விழுந்து கிடந்த ஃபர்ஸ்ட் ரிபப்ளிக் வங்கியை எடுத்துக்கொண்டது. 1991-இல் அட்லாண்டாவின் சி அண்ட் எஸ் வங்கியையும் சேர்த்துக்கொண்டு நேஷன்ஸ்பேங்க் ஆனது. 1998-இல் கலிபோர்னியாவின் பேங்க் அமெரிக்காவை வாங்கி அந்தப் பெயரையே சூட்டிக்கொண்டது. தென்மாநிலங்களின் ஸ்கைலைன் என்பது பாதிக்குப் பாதி வங்கிகளின் குடும்ப வரலாறு.

நம்முடையது எண்ணெயும் வங்கியும் கலந்த வரலாறு. ஐ. எம். பெய் வரைந்து 1982-இல் முடிந்த ஜேபி மார்கன் சேஸ் டவர் 75 மாடி, 1,002 அடி. அடுத்த ஆண்டே 71 மாடி வெல்ஸ் ஃபார்கோ பிளாசா. எனக்குப் பிடித்தது இவற்றைவிடக் குள்ளமான பென்சாயில் பிளேஸ்தான். பிலிப் ஜான்சன் 1970-களில் வரைந்த 36 மாடி இரட்டைக் கட்டடம், கரும்பழுப்புக் கண்ணாடி. இரண்டுக்கும் நடுவே பத்தே அடி இடைவெளி. ஐ-45 நெடுஞ்சாலையில் போகும்போது பாருங்கள்: ஒரு கோணத்தில் இரண்டும் ஒரே பாறைபோல் ஒட்டிக்கிடக்கும். வண்டி கொஞ்சம் நகர்ந்ததும் நடுவே கத்தியால் கீறியதுபோல் ஒரு கோடு வானம் திறக்கும், உடனே மூடிக்கொள்ளும். இந்த வித்தை டாலஸில் கிடையாது, அட்லாண்டாவிலும் கிடையாது. ஆனால் அதை அறுபது மைல் வேகத்தில், ஒரு கண்ணை முன்வண்டியின் பிரேக் லைட்டில் வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இங்கே 82 மாடியில் 1,400 அடிக்குத் திட்டமிட்ட பேங்க் ஆஃப் தி சவுத்வெஸ்ட் டவர், எண்ணெய் விலை சரிந்த எண்பதுகளில் காகிதத்தோடு நின்றுபோனது. அப்பாவிடம் சொன்னபோது, "ஸ்ரீரங்கத்துலயும் ராஜகோபுரம் பல நூறு வருஷம் மொட்டைக் கோபுரமாத்தான் நின்னுது, 1987-லதான் முடிச்சாங்க. இதுவும் வரும்" என்றார். வராது என்று அவர் மனதை நோகடிக்கவில்லை.

மேலே ஏற வழியே இல்லாமல் இருந்த ஊர் அல்ல இது. ஜேபி மார்கன் சேஸ் டவரின் 60-வது மாடிக்கு வார நாளில் யாரும் காசில்லாமல் போய்வந்த காலம் உண்டு. வந்த புதிதில் நானே போயிருக்கிறேன். கீழே பேயூ ஓடை ஒரு பச்சை நூல்போலத் தெரிந்தது. பிறகு அதைப் பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். கட்டடக்காரர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் இடம், அவர்கள் விருப்பம். ஊர்க்காரர்கள் ஏறிப் பார்ப்பது ஒரு தனியாரின் நல்ல மனதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்கிறேன்.

டவுன்டவுன் கோபுரங்கள் தெரியும் எலினார் டின்ஸ்லி பூங்கா இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அப்பாவை அங்கேயும் கூட்டிப்போய் மடக்கு நாற்காலி போட்டு, முறுக்கு டப்பாவைக் கையில் கொடுத்து உட்கார வைத்தேன். அருமையான இடம். பழைய தபால் நிலையத்தை மாற்றி 2021-இல் திறந்த போஸ்ட் கட்டடத்தின் மாடித் தோட்டமும் நல்ல இடம்தான். ஆனால் இரண்டிலும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

ஆஸ்டினைப் பாருங்கள். மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தின் குவிமாடம் இன்னின்ன இடத்திலிருந்து மறையாமல் தெரிய வேண்டும் என்று 1983-இலேயே மாநிலச் சட்டம் வந்துவிட்டது. பார்வைக்கு என்று ஒரு சட்டம்! அதனால் அங்கே கோபுரங்கள் ஒன்றும் குறைந்துவிடவில்லை. 1982-இலிருந்து நம்மிடம் இருந்த டெக்சஸின் மிக உயரமான கட்டடம் என்ற பட்டத்தை 1,025 அடி வாட்டர்லைன் வைத்து 2025-இல் அவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

நம்மிடம் அப்படிச் சட்டம் போட முடியாது, எங்கே எதைக் கட்டலாம் என்று வகுக்கும் சோனிங்கே இல்லையே என்பீர்கள். 1948, 1962, 1993 என்று மூன்று முறை இந்த ஊர் வாக்களித்து அதை வேண்டாம் என்றது. சரி, கட்டாயப்படுத்த வேண்டாம். ஆனால் 380 ஒப்பந்தம் என்ற பெயரில் கட்டுபவர்களுக்கு வரியைத் திருப்பிக் கொடுக்கிறீர்களே, அந்த ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் சேர்க்கலாம்: நாற்பது மாடிக்கு மேல் கட்டி மாநகராட்சிப் பணம் வாங்கினால், மேல்தளத்தில் ஒரு மூலை மக்களுக்கு, வாரத்தில் இரண்டு நாளாவது, சனிக்கிழமை உட்பட. பாதுகாப்பு கவலை எனக்கும் புரிகிறது. பை சோதனை, அடையாள அட்டை, முன்பதிவு எல்லாம் வையுங்கள். 2024 மே மாதப் புயலில் டவுன்டவுன் கண்ணாடிகள் தெருவில் கொட்டியதை மறக்கவில்லை. காற்று அடிக்கிற நாளில் பூட்டிவிடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

இன்னொன்று பியர்ஸ் எலிவேட்டட். ஐ-45-ஐக் கிழக்கே திருப்பிவிட்டு அந்த மேம்பாலத்தைக் கைவிடுவது மாநில நெடுஞ்சாலைத் துறையின் திட்டம். பென்சாயில் இடைவெளி திறந்து மூடுவதை இவ்வளவு நாள் பார்த்தது அந்தப் பக்கத்திலிருந்துதான். பூங்காவாக்கலாம் என்ற யோசனை முன்பே வந்திருக்கிறது. முழுவதும் வேண்டாம், நான்கு பிளாக் நீளத்துக்காவது இடிக்காமல் விடச் சொல்லுங்கள். ஒரு லிஃப்ட், கொஞ்சம் பெஞ்ச், நிழல். நிழல் முக்கியம், ஆகஸ்ட் மாத ஹூஸ்டன் உங்களுக்கே தெரியும். டவுன்டவுனில் வெயிலுக்குப் பயந்து தெருவுக்கு இருபது அடி கீழே ஆறு மைல் சுரங்கப்பாதை வைத்திருக்கிற ஊர் நாம். பூமிக்கு அடியில் நடக்க அவ்வளவு இடம் கிடைத்தால், மேலே நிற்கக் கொஞ்சம் கிடைக்காதா?

அப்பா வரும் மே மாதம் மறுபடி வருகிறார். முதலில் ஹூஸ்டன்தான் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தம்பி டாலஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டான்.

இப்படிக்கு,
தென்மேற்கு ஹூஸ்டனில் வீடும் சொத்து வரி ரசீதும் வைத்திருக்கும் ஒரு திருச்சிக்காரன்