வெறும் மண்தானா என்று கேட்டாயே

அன்பு மகளுக்கு,

நீ வாங்கிய நீல வெள்ளை கேமியோ புரூச்சின் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். "கல் இல்லையாம்ப்பா, வெறும் மண்ணாம். ஏமாந்துட்டேனா?" என்று எழுதியிருந்தாய். இல்லையம்மா, நல்ல பொருளைத்தான் வாங்கியிருக்கிறாய்.

கேமியோ என்றால் பின்னணியிலிருந்து புடைத்து நிற்கும் சின்ன உருவம். பழைய கேமியோக்களை அடுக்கடுக்காக நிறம் மாறும் கல்லில் செதுக்குவார்கள். வசதி உள்ளவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். அதைக் களிமண்ணுக்குக் கொண்டுவந்தவர் ஜோசையா வெட்ஜ்வுட் என்ற ஆங்கிலேய மட்பாண்டக் கலைஞர். சிறுவயதில் கண்ட அம்மையால் கெட்டுப்போன காலை 1768இல் எடுத்துவிட்டார்கள். மனிதர் ஓயவில்லை. ஆயிரக்கணக்கான சோதனைகளுக்குப் பிறகு, 1770களின் நடுவில் ஜாஸ்பர் என்ற இந்த மண் அவருக்குக் கைகூடியது. நீலம் பெயின்ட் இல்லை, மண்ணோடு கலந்த கோபால்ட். வெள்ளை உருவத்தை, நம் ஊரில் களிமண் பிள்ளையார் எடுப்பது போலத் தனியாக அச்சில் எடுத்து, ஈரத்தோடு ஒட்டிச் சூளையில் வைப்பார்கள். இரண்டு மண்ணும் ஒரே அளவு சுருங்கினால்தான் உருவம் நிற்கும்.

உன் புரூச்சில் இருப்பவள் ஹீபி, கிரேக்கர்களின் இளமைத் தெய்வம். அவள் கிண்ணத்தில் குடிக்கும் கழுகு ஜீயஸுடையது. அவள் ஆடையின் ஓரத்தைக் கிட்டத்தில் பார். வெள்ளை மண் மெலிந்த இடத்தில் அடியிலிருக்கும் நீலம் கசிந்து, மடிப்பில் நிழல் விழுந்த மாதிரித் தெரிகிறது. எனக்கு இதில் பிடித்ததே அந்த நிழல்தான்.

பின்னால் 'இங்கிலாந்து' என்ற முத்திரை இருப்பதால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. வெட்ஜ்வுட் காலத்துப் பொருள் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1787இல் அடிமை வணிகத்தை எதிர்த்து, சங்கிலியில் மண்டியிட்ட ஒரு மனிதனை இதே ஜாஸ்பரில் செய்து இலவசமாகக் கொடுத்தார் வெட்ஜ்வுட். பெண்கள் அதைக் கைவளையிலும் கொண்டை ஊசியிலும் பதித்து அணிந்தார்கள். தேவதைகளை வார்த்த மண்ணில் அந்த மனிதனையும் வார்த்தாரே, அதற்காகவே எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

ஸ்டோக்-ஆன்-டிரென்ட் பக்கம் பார்லஸ்டனில் இவர்களுடைய அருங்காட்சியகம் இருக்கிறது. லீவு கிடைத்தால் போய்வா. புரூச்சைப் பெட்டியில் பூட்டி வைக்காதே, போட்டுக்கொள். அழுக்குப் படிந்தால் மிருதுவான பிரஷ்ஷால் தட்டிவிடு, தண்ணீரில் ஊறப்போடாதே. ஊசி தளர்ந்திருப்பது படத்திலேயே தெரிகிறது. பழைய நகை பார்ப்பவரிடம் கொடு. பற்றவைப்பதென்றால் மண் வில்லையைக் கழற்றிவிட்டுச் செய்யச் சொல்.

அன்புடன்,
அப்பா